எண்கள் ஒத்துப்போகாத நேரம்: எண்ணெய்க் கிணற்றில் மனிதரும் கணினியும்

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில், டிரில்லர் (தோண்டும் எந்திரங்களை இயக்குபவர்) உட்காரும் அறையில் எண்களுக்குப் பஞ்சமே இல்லை. கொக்கியில் தொங்கும் எடை, குழாய் சுழலும் வேகம், பம்ப் அழுத்தம் எல்லாம் நொடிக்கு நொடி மாறும். ஆனால் ஆபத்து தனியாக ஒரு எண்ணில் அரிதாகத்தான் தெரியும். இரண்டு எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோதுதான் பிடிபடும்.

2010 ஏப்ரல் 20 இரவு, மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்கில் 9:08 மணிக்கு பம்புகளை நிறுத்தினார்கள். பம்ப் நின்றபின் குழாயின் அழுத்தம் அப்படியே நிற்கவேண்டும், அல்லது இறங்கவேண்டும். மாறாக, சில நிமிடங்களில் சுமார் 250 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) ஏறியது. அடியில் எண்ணெயும் வாயுவும் கிணற்றுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. அந்த எண் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது; 'இது பொருந்தவில்லையே' என்று எடுத்துச்சொல்லும் ஏற்பாடுதான் இல்லை. முக்கால் மணி நேரத்துக்குள் வெடித்தது. 11 பேர் இறந்தார்கள்.

சரி, அழுத்தம் ஏறினாலோ, சேற்றுத் தொட்டியின் (பம்ப் வழியே கிணற்றுக்குள் போய்த் திரும்பும் கனமான திரவம்தான் இந்தச் சேறு) மட்டம் உயர்ந்தாலோ மணி அடிக்கவைத்தால் போதாதா? போதாது. ஒவ்வொரு முறை புதுக் குழாய் இணைக்கும்போதும் பம்பை நிறுத்துவார்கள். மேலே குழாய்களில் இருக்கும் சேறு வடிந்து தொட்டிக்குத் திரும்பும், மட்டம் உயரும். அது இயல்பான உயர்வு. வாயு நுழைந்து சேற்றைத் தள்ளினாலும் மட்டம் உயரும். இதை 'கிக்' என்பார்கள். இரண்டுக்கும் ஒரே மணி அடித்தால், ஒரு வாரத்தில் யாரும் அதைச் சட்டை செய்யமாட்டார்கள்.

நல்ல மென்பொருள் இங்கே வேறு வேலை செய்கிறது. முந்தைய இணைப்புகளில் சேறு எப்படித் திரும்பியது, எத்தனை நிமிடத்தில் அடங்கியது என்ற வளைகோடுகளை வைத்துக்கொண்டு, இப்போதைய கோட்டை அவற்றின் மேலேயே வரைந்து காட்டுகிறது. மற்றவை அடங்கிய இடத்தில் இது மட்டும் ஏறிக்கொண்டே போனால், டிரில்லரின் கண்ணுக்கே தெரிந்துவிடும். வெறும் சிவப்பு விளக்கைவிட இந்தப் படம் பல மடங்கு உயர்ந்தது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் எச்சரிக்கையின் காரணமும் அதிலேயே இருக்கிறது.

கணினிக்குத் தெரியாததும் உண்டு. பக்கத்துத் தொட்டியிலிருந்து யாரோ சேற்றை மாற்றிவிட்டிருக்கலாம். கிரேன் பாரம் தூக்கியதில் மிதக்கும் ரிக் சற்றுச் சாய்ந்து மட்டம் பிறழ்ந்திருக்கலாம். டிரில்லர் அதைத் திரையில் உள்ளிட ஒரு பொத்தான் வேண்டும்; கணினியும் அந்த அளவைக் கழித்துக் கணக்கை உடனே திருத்தவேண்டும். பல அமைப்புகள் கோட்டைவிடுவது இங்கேதான்: கணினி சொல்லும், கேட்காது.

அப்புறம், நேரம். கிக் உறுதியானால் குழாயைச் சரியான உயரத்துக்குத் தூக்கி, பம்பை நிறுத்தி, கிணற்றின் தலைப்பிலுள்ள தடுப்பு வால்வை மூடவேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்னும் கொஞ்சம் வாயு உள்ளே வரும். இந்த வரிசை முழுவதையும் கணினியே செய்துமுடிக்கும் அமைப்புகள் இப்போது வந்துவிட்டன. அவற்றிலும் டிரில்லர் எந்தக் கட்டத்திலும் குறுக்கிட்டு நிறுத்தலாம். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதைத் திரை முன்கூட்டியே காட்டினால்தான் அந்த உரிமை அவருக்குப் பயன்படும்.