பிள்ளைக்குச் சிறுநீரகக் கல்லா? நகையை அடகு வைக்க முதல் இதை வாசியுங்கள்

போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டி, "தனியாரில் கேட்கிற காசுக்குத் தாலிக்கொடியைத்தான் வைக்கவேணும்" என்றார். வேண்டாம் அக்கா, அரச வைத்தியசாலையில் இந்தச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமே இல்லை.

பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை ஓபிடிக்கு யாருடைய கடிதமும் இல்லாமலே பிள்ளையைக் கொண்டுபோகலாம். வெளியில் எடுத்த ஸ்கேன், சிறுநீர், இரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். கல் இருக்கிற பிள்ளைக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, சிறுநீர் போகாமல் விட்டாலோ கிளினிக் நாள்வரை பொறுக்கக் கூடாது, உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அதுவும் இலவசம்.

சின்னக் கல், அதாவது 5 மில்லிமீற்றருக்குள் என்றால், பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பெரிதென்றால் அதிர்வலையால் உடைப்பார்கள், சிறுநீர்ப் பாதை வழியாகக் கமரா விட்டு எடுப்பார்கள், அல்லது முதுகுப் பக்கம் சிறு துளை போடுவார்கள். சின்னப் பிள்ளை அசையாமல் படுக்காது என்பதால் அதிர்வலைக்குக்கூட மயக்க மருந்து கொடுப்பதுதான் வழக்கம். சம்மதப் பத்திரம் விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்து வைக்க முதல் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், தமிழும் அரசகரும மொழிதான், கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

சில வேளை உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அனுப்புவார்கள். வலி போனதும் வீட்டில் அதை மறந்துவிடுகிறார்கள், எனக்குப் பெரிய பயம் இதுதான். மாதக்கணக்கில் விட்டால் அந்தக் குழாயிலேயே கல் படிந்து இன்னொரு சத்திரசிகிச்சையில் கொண்டுபோய் விடும். எடுக்கும் திகதியைக் கிளினிக் கொப்பியின் முன் அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

இனி காசு. வைத்தியசாலையில் இல்லாத சாமானை வெளியில் வாங்கச் சொன்னால், ஜனாதிபதி நிதியத்தில் இந்தச் சிகிச்சைக்கு உதவி உண்டா என்று வாங்க முதலே பிரதேச செயலகத்தில் கேளுங்கள், 2025 பெப்ரவரியிலிருந்து விண்ணப்பத்தை அங்கேயே கொடுக்கலாம். பாடசாலைப் பிள்ளை என்றால் 2017இல் தொடங்கிய சுரக்ஷா காப்புறுதி இப்போது நடைமுறையில் உள்ளதா என்று அதிபரிடம் விசாரியுங்கள். எதற்கும் டயக்னோசிஸ் காட்டையும் பில்களையும் பிரதியெடுத்து வையுங்கள்.

அப்புறம், எடுத்த கல்லை வீசிவிடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கல் வருவதில் பரம்பரைக் காரணமும் இருக்கலாம், அது தெரிந்தால்தான் அடுத்த கல்லைத் தடுக்க டொக்டரால் வழி சொல்ல முடியும்.