மஞ்சள் பூத்த சுவரை எப்படிப் பிரிப்பது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, என்றதும் முதலில் நாற்றம்தான் ஞாபகம் வரும். ஆனால் பழைய தோல் ஷாப் ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால் சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்திரம், நாட்டு ஓடு, தரையில் வரிசையாக ஊறல் குழிகள் என்று ஒரு காலமே அங்கே கிடக்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் தோலை ஊறவைத்த காலம் அது. அப்புறம் ஒரே நாளில் பதப்படுத்தித் தரும் குரோம் உப்பு வந்தது.

குரோமியத்துக்கு இரண்டு முகம். பச்சையும் நீலமுமாக இருக்கும் மூன்று இணைதிறன் குரோமியம் தண்ணீரில் அவ்வளவாக நகராது, டேனரியில் போடுவது பெரும்பாலும் இதுதான். ஆறு இணைதிறன் குரோமியம் மஞ்சள். தண்ணீரில் எளிதாகக் கரையும், தூசியாக மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன சுமார் 1.5 லட்சம் டன் கழிவில் இருந்து மழைக்கு மழை வழிந்தது இந்த மஞ்சள்தான்.

இந்த மஞ்சள் ஊறிய பழைய டேனரிக் கட்டிடத்தை ஜேசிபி விட்டுத் தள்ளினால் விஷம் தெரு முழுக்கப் பறக்கும், பழசும் போய்விடும். நல்ல வேளை, விஷம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல செங்கல், தரையிலுள்ள ஈரத்தை மேலே இழுக்கிறது, நாம் ஓதம் ஏறுது என்கிறோமே, அதுதான். ஈரம் காய்ந்ததும் உப்பு மேல்பூச்சில் பூத்து நிற்கும். அதனால் பெரும்பாலும் அடி வரிசைகளும் பூச்சும்தான் கெட்டிருக்கும். சுவரில் வெவ்வேறு ஆழத்தில் துளைபோட்டுத் தூள் எடுத்து, அமிலத்தில் டைஃபினைல்கார்பசைடு சேர்த்துப் பார்ப்பார்கள். ஆறு இணைதிறன் இருந்தால் ஊதா நிறம் வரும்.

கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் முதலில் அதை நனைத்து, உடைக்காமல் கழற்றணும். அப்புறம் மேலிருந்து கீழே, கையால், ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, தண்ணீர் தெளித்தபடியே பிரிக்கணும். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மெது, உளியால் தட்டினால் கல் முழுசாக வந்துவிடும், சிமெண்டாக இருந்தால் கல்தான் உடையும். கட்டிய தாத்தாக்கள் நமக்குச் செய்த உபகாரம் இது.

கெட்ட கல்லை அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலில் ஊறவைத்தால் அதிலுள்ள இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்து ஆறை மூன்றாக்கிவிடும். ஆனால் துருக்கறை பிடிக்கும். முகப்புக் கல்லுக்கு அது ஆகாது, களிமண்ணும் காகிதக்கூழும் சுத்தமான தண்ணீரில் குழைத்து அப்பிக் காயவிட்டால் உப்பு அந்தப் பற்றுக்குள் இழுபட்டுவிடும். சோதனையில் ஊதா வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்ப அப்பணும். உரித்த பற்று, பூச்சு, தரைச் சேறு எல்லாம் அபாயக் கழிவுக் கிடங்குக்குத்தான் போகணும்.

இடித்த மரம் நேராகக் கல்யாண அடுப்புக்குப் போவது நம்ம ஊர் வழக்கம். இங்கே மட்டும் வேண்டாம், குரோமும் சுண்ணாம்பும் ஏறிய கட்டையை எரித்தால் சும்மா கிடந்த மூன்று இணைதிறன் குரோமியம் சூட்டில் ஆறாக மாறிச் சாம்பலில் தங்கிவிடும்.