நோயியல்: ‘பெதோலொஜி’க்குள் இருக்கும் வருத்தம்

பெரியம்மாவின் கழுத்துக் கட்டியிலிருந்து சிறு துண்டொன்றை எடுத்து அனுப்பி இரண்டு கிழமை ஆகியிருந்தது. கிளினிக்கில் தாதி, “ரிப்போர்ட் பெதோலொஜியில இருந்து இன்னும் வரல்ல அம்மா” என்றார். வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டார்: “அது என்ன மனே, பெதோலொஜி?” நான் “நோயியல்” என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப நோவப் பத்தின படிப்பு” என்றார்.

அகராதி பார்த்துச் சொன்னாலும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. அவரால் அதைச் சட்டென்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், ‘நோ’ என்ற பழைய வினை மட்டக்களப்பில் இன்றும் உயிரோடு இருப்பதுதான். இங்கே தலை நோகும், கால் நோகும். தமிழ்நாட்டில் அதே தலை வலிக்கும். நம்மிடம் ‘வலிப்பு’ என்றால் கைகால் இழுக்கும் வேறு நோய். முழங்காலுக்குப் பூசுவது நோ எண்ணெய். நோய், நோவு, நோக்காடு எல்லாம் இந்த ஒரு வேரில் கிளைத்தவை. மனம் நொந்துபோனவர் நொந்துபோவதும் இதே வினையால்தான்.

அதனால் ‘நோய்’ ஒருநாளும் உடம்போடு மட்டும் நின்ற சொல் அல்ல. திருக்குறளில் காதலனைப் பிரிந்தவள் சொல்வதைப் பாருங்கள்: “மறைப்பேன்மன் யானிஃதோ நோயை இறைப்பவர்க்கு ஊற்றுநீர் போல மிகும்.” மறைக்கத்தான் பார்க்கிறேன், இறைக்க இறைக்க ஊறும் நீர்போல இது பெருகுகிறது என்கிறாள். எந்த ஆய்வுகூடத்துக்கும் அனுப்ப முடியாத நோய் அது. ஆனாலும் வள்ளுவருக்கு அதுவும் நோய்தான்.

சரி, பெதோலொஜிக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘பாதோஸ்’, ‘லோகோஸ்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து பிறந்தது அது. லோகோஸ் என்பது சொல், விளக்கம், ஆய்வு. பாதோஸ் என்பது ஒருவர் மேல் வந்து விழுந்து அவர் பட்டு அனுபவிப்பது. தமிழில் ‘பாடு படுவது’ என்கிறோமே, அதற்கு மிக நெருக்கம். பிறர் துன்பத்தில் சேர்ந்து வருந்துவதைக் குறிக்கும் ‘சிம்பதி’யும் இதே பாதோஸிலிருந்து வந்ததுதான்.

இந்தப் பொருளை அப்படியே தாங்கும் சொல்லொன்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது: வருத்தம். மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ‘வருத்தம்’ என்றுதான் சொல்கிறோம். நோயாளி வருத்தக்காரர். அவரைப் போய்ப் பார்த்து வருவது ‘வருத்தம் பார்ப்பது’. தமிழ்நாட்டு நண்பர் ஒருவரிடம் “அம்மாவுக்கு வருத்தம்” என்று சொன்னபோது, “யார் மேல?” என்று கேட்டார். அங்கே அது மனத்தாங்கல் மட்டுமே. இங்கே உடம்பு நோவதும் உள்ளம் நோவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. பாதோஸுக்கு இதைவிட நல்ல பொருத்தம் எனக்குத் தெரியவில்லை.

அதற்காக ‘வருத்தவியல்’ என்று புதிதாகச் சொல் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நோயியல் நல்ல சொல், நிலைபெற்றுவிட்ட சொல். ‘நோய்க்குறியியல்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். குறி என்பது வெளியே தெரியும் அடையாளம். குறியே காட்டாமல் உயிரணுக்குள் நடக்கும் மாற்றத்தையும் பெதோலொஜி படிப்பதால் அந்தப் பெயர் அளவில் சின்னது. பழைய வைத்திய ஏடுகளின் ரோகம், வியாதி, நிதானம் எல்லாம் வடமொழி வழி வந்தவை. ‘நிதானம்’ அங்கே நோயின் காரணத்தைத் தேடுவது. இன்றைய தமிழில் அது பொறுமையாகிவிட்டது. 1847இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் உடற்கூற்றியலை ‘அங்காதிபாதம்’ என்று எழுதினார். 1875இல் வெளிவந்த இரசாயன நூலுக்கோ ‘கெமிஸ்தம்’ என்றே பெயர் வைத்தார். முதலில் கைக்கு எட்டிய சொல்லை எடுத்துக்கொண்டார்கள், அப்புறம்தான் ‘-இயல்’ என்ற ஒழுங்கு வந்தது. சித்த மருத்துவத்தில் மட்டும் இந்தப் பாடத்தின் பெயர் ‘நோய் நாடல்’. “நோய்நாடி நோய்முதல் நாடி” என்ற குறளின் சொல் அது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது பழகிய பெயர்.

அந்தக் குறளில் ‘நோய்முதல்’ என்ற சொல்லில்தான் எனக்கு மிகுந்த ஈர்ப்பு. நோயின் முதல் எங்கே இருக்கிறது? நவீன நோயியலின் தந்தை எனப்படும் ஜெர்மானியர் ருடோல்ஃப் விர்ச்சோ 1858இல் அதை உயிரணுவில் காட்டினார். அதே மனிதர் பத்து வருடத்துக்கு முன், 1848இல், மேல் சிலேசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது அரசு அனுப்பிப் போய்ப் பார்த்து, வறுமையும் கல்வியின்மையும் மோசமான ஆட்சியுமே காரணம் என்று அறிக்கை எழுதினார். நுணுக்குக்காட்டியில் உயிரணுவைப் பார்த்த கண்ணும் குடிசையைப் பார்த்த கண்ணும் ஒன்றுதான்.

தமிழில் இந்த இரண்டாவது பார்வைக்கு ‘பிணி’ பொருந்தும். பிணித்தல் என்றால் கட்டுதல். நோவது நோய், கட்டிப்போடுவது பிணி. நாடு என்றால் என்ன என்று சொல்லும் அதிகாரத்தில் வள்ளுவர் “உறுபசியும் ஓவாப் பிணியும் செறுபகையும்” சேராததே நாடு என்கிறார். பசிக்கும் பகைக்கும் நடுவே வைத்திருப்பதைக் கவனியுங்கள். தனியொருவரின் உடம்பை அல்ல, ஒரு நாட்டையே கட்டிப்போடுவது அங்கே பேசப்படுகிறது.

மக்களிடையே நோய் எப்படிப் பரவிக் கிடக்கிறது, யாருக்கு ஏன் வருகிறது என்று படிக்கும் துறை எபிடெமியோலொஜி. எபி என்றால் மேல், டெமோஸ் என்றால் மக்கள்; மக்கள் மேல் வந்து இறங்குவது என்று பொருள். செய்திகளில் இதைத் ‘தொற்றுநோயியல்’ என்கிறார்கள். இந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, யாரிடமிருந்தும் யாருக்கும் தொற்றாது. ஆனாலும் எந்த வயதில், எந்த ஊரில், என்ன சாப்பாட்டால் அது கூடுகிறது என்று கணக்குப் பார்ப்பதும் இதே துறைதான். எலிக்காய்ச்சலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் ஆளிலிருந்து ஆளுக்கு வருவதில்லை. எலியின் அல்லது மாட்டின் சிறுநீர் கலந்த வயல் நீரும் சேறும் காலில் உள்ள சிறு வெட்டின் வழியே கிருமியை உள்ளே விடுகின்றன. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வட்டைக்குள் இறங்குபவருக்குத்தான் ஆபத்து, கடைக்குள் இருப்பவருக்குக் குறைவு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதே அந்தப் படிப்பு. ‘தொற்று’ என்று பெயரிலேயே வைத்துவிட்டால் பாதித் துறை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ‘நோய்ப்பரவலியல்’ என்பதே சரி. ‘கொள்ளைநோயியல்’ என்றும் உண்டு. அது வாந்திபேதி ஊரையே வாரிக்கொண்டு போன காலத்துச் சொல். “கொள்ளையில போவான்” என்று வயதானவர்கள் திட்டும்போது அந்தக் காலம் இன்னும் வாயில் இருக்கிறது.

ஒரு நோய்க்கு ஊர் என்ன பெயர் வைக்கிறது என்பதில் அந்த வருத்தக்காரரை ஊர் எப்படி நடத்தப்போகிறது என்பதும் இருக்கிறது. அம்மை வந்தால் நம்மவர்கள் ‘அம்மாள்’ என்றார்கள். வேப்பிலை கட்டினார்கள், வீட்டைச் சுத்தமாக வைத்தார்கள், வெளியார் வருவதைத் தடுத்தார்கள். தம்பிலுவிலிலும் காரைதீவிலும் வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவதே அம்மனின் வெக்கை தணிய, வெக்கையால் வரும் நோய்கள் தணிய என்றுதான். பெரியம்மை 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. குளிர்த்தி நிற்கவில்லை. அம்மாள் வந்தவர் ஒதுக்கி வைக்கப்பட்டாலும் இழிவாக நினைக்கப்படவில்லை. அவர் அம்மனுக்கு உரியவராக இருந்தார்.

குட்டம், அதாவது தொழுநோய், வந்தவருக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. அவர்களுக்கென்று பிரித்தானியர் காலத்தில் மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் ஆஸ்பத்திரி இருந்தது. சுற்றிலும் நீர். மாந்தீவு என்று சொல்லும்போது பெரியம்மா இப்போதும் குரலைத் தாழ்த்துவார்.

இத்தனைக்கும் தொழுநோய் தொடக்கத்தில் நோவதே இல்லை. 1873இல் நோர்வேயில் ஹன்சன் கண்டுபிடித்த அந்தக் கிருமி நரம்பைத் தாக்குவதால் தோலில் வெளிறிய ஒரு படை வரும். அந்த இடத்தில் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. உடம்பில் நோ இல்லாத ஒரு நோய் அது. நோவெல்லாம் வாசலில் நின்று பேசிப் போகிறவர்களிடமிருந்தும், நின்றுபோன கலியாணப் பேச்சிலிருந்தும் வந்தது. அதனால் மறைத்தார்கள். ஊற்றுநீர் போல் அது மிகுந்தது, விரல்கள் மடங்கும்வரை.

1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் இன்று அது ஆறு அல்லது பன்னிரண்டு மாதத்தில் குணமாகிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிய நோயாளிகள் இன்னமும் கண்டறியப்படுகிறார்கள், சிறு பிள்ளைகள் உட்பட. தேமல் போல் வெளிறிய இடத்தில் தொடுவது தெரியவில்லை என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். மருந்து இலவசம். எந்தத் தீவுக்கும் யாரையும் அனுப்ப மாட்டார்கள்.