ஃபில்டரைத் தொடும் முன் ஒரு ஊகம்

டேஷ்போர்டு, அதாவது தரவை எண்களாகவும் படங்களாகவும் ஒரே திரையில் காட்டும் பக்கம், செய்து கொடுப்பது என் தொழில். கொடுத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, பயன்படுத்துகிறவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பதும் அதில் சேர்த்திதான். பலர் மேலே உள்ள பெரிய எண்ணைப் பார்ப்பார்கள், இரண்டு கிளிக் செய்வார்கள், மூடிவிடுவார்கள். புதிதாக எதையாவது கண்டுபிடிக்கிறவர்கள், "எல்லா இடத்திலும் இப்படித்தானா?" என்ற சந்தேகத்தோடு வருகிறவர்கள்.

பயிற்சி வகுப்பில் நான் காட்டுவது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973 மேற்படிப்புச் சேர்க்கைத் தரவு. அதிக விண்ணப்பங்கள் வந்த ஆறு துறைகளைச் சேர்த்துப் பார்த்தால், விண்ணப்பித்த ஆண்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 30 சதவீதம் பேருக்குத்தான். முதல் திரையில் இந்த இரண்டு பட்டைகள் மட்டும் இருக்கும். பார்த்ததும், "பெண்களை ஒதுக்கியிருக்கிறார்கள்" என்பார்கள்.

சரி, துறை வாரியாகப் பிரியுங்கள் என்பேன். 'ஏ' துறையில் பெண்கள் 82 சதவீதம், ஆண்கள் 62. 'பி'யிலும் பெண்களே முன்னால். மற்ற நான்கில் வித்தியாசம் சில புள்ளிகள்தான். இதோடு நின்றுவிடுகிறவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். மவுஸைப் பட்டைமேல் வைத்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று பார்க்கிறவருக்கு விஷயம் பிடிபடும். 'ஏ' துறைக்கு ஆண்கள் 825 பேர், பெண்கள் 108 பேர். பெண்கள் பெரும்பாலும் விண்ணப்பித்தது ஆணோ பெண்ணோ யாருக்கும் எளிதில் இடம் கிடைக்காத துறைகளுக்கு. ஏன் அப்படி என்பது அடுத்த கேள்வி. அதற்கான பதில் இந்தத் தரவுக்குள் இல்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. அதுவே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அதனால்தான் கிளிக் செய்யும் முன் ஊகத்தை ஒரு தாளில் எழுதச் சொல்கிறேன். எழுதியது பொய்த்துப்போனால் கண் தானாகக் காரணத்தைத் தேடும். எழுதாவிட்டால், வந்த படத்தைப் பார்த்து, "நான் நினைத்ததுதான்" என்று மனசு சொல்லிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பிடித்த பதில் வரும்வரை ஃபில்டரை, அதாவது தரவில் எந்தப் பகுதியைக் காட்ட வேண்டும் என்ற தேர்வை, மாற்றிக்கொண்டே போவது. 'பி' துறையில் பெண்களுக்கு 68 சதவீதம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விண்ணப்பித்ததே 25 பேர். ஒருவருக்கு இடம் கிடைக்காமல் போயிருந்தால் அது 64 ஆகியிருக்கும். டேஷ்போர்டு செய்கிறவர்களிடம் என் வேண்டுகோள்: சதவீதத்தின் பக்கத்திலேயே ஆள் எண்ணிக்கையையும் போடுங்கள், எந்தெந்த ஃபில்டர் போட்டிருக்கிறது என்பதைத் திரையிலேயே தெரியும்படி வையுங்கள்.