தவிலுக்குத் திரும்பும் பிள்ளைக்கு ‘ச’ கேட்கிறதா?

“தவில் அடிச்சா உடனே திரும்பிப் பாக்குறான் சார், காதுல ஒண்ணும் கோளாறு இல்ல. பேச்சுதான் தெளிவா வரல.” கும்பகோணம், மயிலாடுதுறை பக்கமிருந்து பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையை அழைத்து வருபவர்கள் பலரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். வாயால் விளக்குவதைவிட, கணினியில் ஸ்பெக்ட்ரோகிராமைக் காட்டுவது எனக்கு எளிது.

ஒலியைப் படமாகக் காட்டும் முறை அது. இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழே தாழ்ந்த அதிர்வெண், மேலே போகப் போக உயர்ந்தது. எங்கே ஒலி வலுவாக இருக்கிறதோ அங்கே அடர்த்தியாகத் தெரியும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1940களில் இதற்கான கருவியை உருவாக்கியவர்கள், காது கேளாதவர்கள் பேச்சைக் கண்ணால் படிக்கவும் இது உதவும் என்று நம்பினார்கள்.

நாதஸ்வரத்தை வாசித்தால் ஒன்றின்மேல் ஒன்றாக இணைகோடுகள் வரும். கமகம் பிடித்தால் எல்லாக் கோடுகளும் சேர்ந்து வளையும். தவிலின் ஓர் அடியோ கீழிருந்து மேல்வரை நெட்டுக்கோடாக விழும். காது தாழ்ந்த ஒலிகளை மட்டும் வாங்கினாலும் அந்தக் கோட்டின் அடிப்பகுதி போய்ச் சேர்ந்துவிடும். பிள்ளை திரும்பத்தான் செய்வான்.

இப்போது அம்மாவை மைக்கில் “மாமா” என்று சொல்லச் சொல்வேன். அடர்ந்த பட்டைகள் பெரும்பாலும் 1500 ஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருக்கும். அடுத்து “சாதம்”. தொடக்கத்தில், 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மெல்லிய புகை போல ஒரு தீற்றல். அதுதான் ‘ச’. உயர் அதிர்வெண்களில் கேட்கும் திறன் குறைந்த பிள்ளைக்கு அந்தத் தீற்றல் கிடைக்காது. அவன் “ஆதம்” என்பான். பசி “பஇ” ஆகும். காதில் விழுவதைத்தான் அவன் திருப்பிச் சொல்கிறான். அதைப் பிடிவாதம் என்றும் கவனக்குறைவு என்றும் திட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை.

இதைக் காட்டும் செயலிகள் போனிலும் இருக்கின்றன. ஆனால் குரலில் என்ன இருக்கிறது என்பதைத்தான் அவை காட்டும்; பிள்ளையின் காதுக்கு எது எட்டுகிறது என்பதை அல்ல. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு ஓஏஇ; காதுக்குள் சின்ன ஒலியை அனுப்பி, உள்காது பதில் தருகிறதா என்று பார்ப்பது. தேவைப்பட்டால், தூங்கும்போது எடுக்கும் பெரா; ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது. வளர்ந்த பிள்ளைக்கு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம். எதிலும் ஊசி கிடையாது, வலி கிடையாது.

குறைமாதப் பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், சொந்தத்தில் திருமணம், குடும்பத்தில் வேறு யாருக்காவது காது கேளாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று பாட்டி சொன்னாலும் சரி. பிறந்த 1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே உலகெங்கும் பின்பற்றும் கணக்கு. அது தாண்டிவிட்டதென்றால் இந்த வாரமே போங்கள். காது கேட்கும் கருவியால் பயன் கிடைக்காத பிள்ளைகளுக்கு, உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சையை 6 வயதுக்குள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்துகொள்ளலாம்.