வாளியை உதைத்தால் ஏன் உயிர் போகிறது?

'காது குத்தாதே' என்றால் நாம் யாரும் காதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கிட்டத்தட்ட அதே பொருள் தரும் ஆங்கில மரபுத்தொடரான 'டோன்ட் புல் மை லெக்' என்றால் மட்டும் கால் ஒரு கணம் மனசுக்குள் வந்து போகிறது.

1979இல் மொழி உளவியலாளர்கள் டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். கண்முன் தோன்றும் தொடர் பொருளுள்ளதா என்று சட்டென்று சொல்ல வேண்டும். சாதாரணத் தொடர்களைவிட மரபுத்தொடர்களுக்கு வேகமாக விடை வந்தது. ஏற்கெனவே முழுசாக மனத்தில் பதிந்திருப்பதைப் பிரித்துக் கூட்ட வேண்டியதில்லையே! புதிதாகக் கற்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 2011இல் வெளியான கண் அசைவு ஆய்வொன்றில், மரபுத்தொடரின் உட்பொருளைப் படிக்க அவர்களுக்கு நேர்ப்பொருளைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது.

மரபுத்தொடர்கள் எல்லாம் ஒரே மாதிரி இறுகியவையும் அல்ல. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது. இதில் பீன்ஸ் ரகசியம், சிந்துவது வெளியிடுவது என்று பங்கு பிரிக்கலாம். அதனால் 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்று திருப்பினாலும் பொருள் நிற்கிறது. 'கிக் தி பக்கெட்' என்றால் மண்டையைப் போடுவது. இங்கே வாளிக்குத் தனிப் பங்கு எதுவும் இல்லை. 'தி பக்கெட் வாஸ் கிக்ட்' என்று மாற்றிப் பாருங்கள், சாவு போய் வெறும் வாளிதான் மிஞ்சும்.

சரி, வினையோடு 'அப்', 'அவுட்' போன்ற சிறுசொல் ஒட்டிவரும் 'ஈட் அப்', 'யூஸ் அப்' வகையறா? அங்கே அந்த 'அப்' மேலே போகவில்லை, செயலை முடித்துவைக்கிறது. தமிழில் 'சாப்பிட்டுவிடு' என்பதில் 'விடு' செய்கிற வேலைதான். 'ஃபைண்ட் அவுட்', 'ஃபிகர் அவுட்' இரண்டிலும் மறைந்திருந்தது வெளியே வருகிறது. இந்தக் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. 'புட் அப் வித்' எப்படிப் பொறுத்துக்கொள்வது ஆயிற்று என்று யோசித்து மண்டை காய்வதைவிட, அப்படியே மனப்பாடம் செய்வது மேல் என்பது என் கட்சி.

இந்த வினைகளைக் கற்பவர்கள் நைசாகத் தவிர்ப்பதும் உண்டு. 1985இல் டாகுட், லாஃபர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஹீப்ரு பேசும் மாணவர்களைக் கவனித்தபோது, ஏமாற்றம் தருவதைக் குறிக்கும் 'லெட் டவுன்' பொருந்தும் இடத்தில் அவர்கள் 'டிஸப்பாயிண்ட்' போன்ற ஒற்றைச் சொல்லையே நாடினார்கள். ஹீப்ருவில் இப்படிப்பட்ட வினைகள் இல்லை, அதுதான் காரணம் என்று தோன்றியது. அப்புறம் 1989இல் ஹுல்ஸ்டைன், மார்ச்சேனா என்ற வேறு இருவர் டச்சு மாணவர்களைப் பார்த்தார்கள். டச்சு மொழியில் இவை ஏராளம். அந்த மாணவர்களும் சிலவற்றை ஒதுக்கினார்கள்: அச்சு அசலாக டச்சு போலவே இருப்பதால், அது ஆங்கிலமாக இருக்காது என்ற சந்தேகம்!