ஏரி மண் குதிரையாக நிற்பது எப்படி?

புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூரில், அய்யனாருக்கு வாகனமாக ஒரு பெரிய மண் குதிரை வளர்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் நான்கு கால்கள் மட்டும் தனியாக நின்றன. அடியில்லாத நீளப் பானைகள் மாதிரி, உள்ளே வெறும் கூடு. "கையை விட்டுப் பாரு தம்பி" என்றார் அதைச் செய்துகொண்டிருந்த பெரியவர். தோள்வரை உள்ளே போனது. சுவர் ஒரு விரல் கனம்தான். தடவிய இடமெல்லாம் அதே கனம்.

அந்தச் சீரான கனத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. குதிரை செய்வதில் பாதி வேலை, மண்ணிலிருக்கும் தண்ணீரைச் சேதமில்லாமல் வழியனுப்புவது.

களிமண் என்பது மெல்லிய தட்டுகளின் குவியல். ஒவ்வொன்றும் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியது. மழைத் தண்ணீர் அடித்து வந்து ஏரியின் அடியில் படியவைத்தது. இடையில் ஈரம் இருக்கும்வரை தட்டுகள் வழுக்கும். அதனால்தான் பிசைந்த வாக்குக்கு வளைகிறது. காயும்போது தட்டுகள் நெருங்கும், உருவம் சுருங்கும். ஒரு பக்கம் முந்திச் சுருங்கினால் விரிசல் விழும். அதற்காகத்தான் மணலும் உமியும் போட்டு மிதிக்கிறார்கள். மணல் சுருங்காது. உமி பின்னால் சூளையில் எரிந்து, ஆவி போக நுண்துளைகளை விட்டுப்போகும். நம் ஊரில் மதியம் கடல்காற்று வேறு வீசும். காற்று படுகிற பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று ஈரச் சாக்கைச் சுற்றி வைக்கிறார்கள்.

கால் இறுகிய பிறகுதான் வயிறு. ஈரக் காலின் மேல் பாரம் ஏற்றினால் பிதுங்கிவிடும். உயிருள்ள குதிரையின் கால் ஒல்லியானது. எலும்பும் தசைநாரும் சேர்ந்து இழுவையைத் தாங்குகின்றன. மண்ணோ அமுக்கினால் தாங்கும், இழுத்தால் உடையும். அது மட்டுமில்லை, ஓர் உருவத்தை எல்லா அளவிலும் இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும், காலின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். அய்யனார் குதிரைக்குத் தூண் போன்ற கால் அமைந்ததற்கு இந்தக் கணக்கே காரணம். மேலே வீரனை உட்கார்த்தினால் அவன் தொடையைக் குதிரையின் விலாவோடு ஒட்டிவிடுகிறார்கள். பாரம் முதுகின் நடுவில் குவியாமல் பக்கச் சுவர் வழியாகக் காலுக்கு இறங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது.

சூளையில் முதல் சில மணி நேரம் வெறும் புகைமூட்டம்தான். அவசரப்பட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் ஈரம் ஆவியாகும். ஒரு பங்கு தண்ணீர் ஏறக்குறைய 1,700 பங்கு இடம் கேட்கும். உள்ளே கூடு விடாமல் நான் செய்த கையளவு குதிரை இப்படித்தான் வெடித்தது. தலை மட்டும் முழுசாகக் கிடைத்தது. அப்புறம் சவுக்கு விறகை ஏற்றுகிறார்கள். 450 முதல் 600 டிகிரிக்குள், களிமண்ணின் அணுக்கட்டிலேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. இதற்குப் பிறகு அது களிமண்ணே அல்ல, வேறு பொருள். இரும்புச் சத்துக்குக் காற்று கிடைத்த இடம் செம்மண் நிறமாகும், கிடைக்காத இடம் கருக்கும். 573 டிகிரியில் மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் தன் வடிவத்தை மாற்றி விரியும், ஆறும்போது அதே சூட்டில் திரும்பச் சுருங்கும். அதனால் சூளையை அவசரமாகப் பிரிக்கக் கூடாது.

வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இவ்வூர்க் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ விருதும் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் பல ஏரிக்கரைகளில் இப்போது சிமென்ட் குதிரைகள்தாம் நிற்கின்றன. ஏரியைக் காக்கும் சாமிக்கு ஏரி மண்ணிலேயே வாகனம் என்ற பொருத்தம் அதில் இல்லையே என்று எனக்கு வருத்தம்.

கிளம்பும் முன் பெரியவர் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு துண்டுகளைப் போட்டார். காய்ந்த பச்சை மண் துண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து சேறாகிவிட்டது. சுட்ட துண்டிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் வந்தன. உமி எரிந்த துளைகளில் இருந்த காற்று. குமிழ் நின்ற பிறகு எடுத்துத் தட்டினார். ணங்கென்று கேட்டது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் தோண்டியபோது, சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய பானை ஓடுகள் கரையாமல் கிடைத்ததும், சுட்ட மண் மறுபடி களிமண்ணாகாது என்ற இதே காரணத்தால்தான்.